வாக்கர் ஆன்ட்டியும் நான் கொடுக்காத உதையும்

விவேக் நகரில் வாக்கர் ஆன்ட்டியின் அனுமதி இல்லாமல் இதுவரை ஓர் எலும்புகூட ஒட்டியது கிடையாது. முறித்துக்கொள்வது நம் இஷ்டம். நடைபாதைக் கல் புரண்டு முறியலாம், ஸ்கூட்டரோடு குழியில் இறங்கி முறியலாம், குளியலறையில் சோப்பை மிதித்து முறியலாம். அதற்கெல்லாம் பெங்களூரில் வசதிக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒட்டுவது என்று வந்துவிட்டால் ஆன்ட்டிதான். டாக்டர் தன் வேலையை ஆபரேஷன் தியேட்டரில் முடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். அதற்குப் பிறகு வரும் மாதங்கள் முழுக்க நாம் ஆன்ட்டியின் சொத்து.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர்காரர்கள்கூட "வாக்கர் ஆன்ட்டி வீடு எது?" என்று கேட்டுத்தான் வருவார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையரானவர். சிவாஜி நகரிலிருந்து கிளம்பும் பஸ்களில் பாதி ஆயுளை நின்றுகொண்டே கழித்தவர். வேலையை விட்டபோது காக்கிச் சட்டையை மட்டும்தான் கழற்றிவைத்தார், குரலை வைக்கவில்லை. நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாகத் தெருவில் இறங்கி, "முந்தே ஹோகி, முந்தே" என்று கன்னடத்தில் ஒரு சத்தம் கொடுத்தால், சும்மா நின்று பேசிக்கொண்டிருப்பவர்களும் இரண்டடி முன்னால் நகர்ந்துவிடுவார்கள். எங்கே போகச் சொல்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

வாக்கர் வந்த கதை இது. சர்வீஸில் இருந்தபோது ஒருநாள் டிரைவர் போட்ட பிரேக்கில் ஆன்ட்டி படிக்கட்டு வழியாக வெளியே போய் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நடை பழக ஒரு வாக்கர் வாங்கினார். நடந்த பிறகு அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுத்தார். அவர் குணமானதும் வாக்கரைத் திருப்பிக் கொடுத்து, கூடவே தான் வாங்கிய ஊன்றுகோல்களையும் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கால் சரியான பிறகும் ஊன்றுகோல் வீட்டில் இருந்தால், அது வீட்டுக்குள்ளேயே அடுத்த ஆளைத் தேடும் என்பார்கள். ஆகவே யார் வீட்டில் மாவுக்கட்டுப் பிரித்தாலும் மறுநாளே எல்லாம் ஆன்ட்டி வீட்டுக்கு வந்துவிடும். கழுத்துப் பட்டை, இடுப்பு பெல்ட், முழங்கால் உறை, கையைத் தொங்கவிடும் தூளி என்று அவர் வீட்டு முன்னறையில் உட்கார இடம் இருக்காது. சுவரில் குழந்தை இயேசு படம், அதற்குக் கீழே வரிசையாக ஊன்றுகோல்கள்.

"எல்லாரு வூட்டு கண்டமும் என் வூட்லதான் கீது. எனக்கு எதுனா ஆச்சா பாரு," என்பார்.

இரவல் கொடுக்க ஒரே நிபந்தனை. திருப்பித் தரும்போது ஆட்டோவில் கொண்டுவரக் கூடாது, வேறு ஆளிடம் கொடுத்தனுப்பக் கூடாது. உடைத்துக்கொண்ட ஆளே நடந்து வந்து கொடுக்க வேண்டும். அதுவரை காலையும் மாலையும் ஆன்ட்டி வீடு தேடி வருவார். பிசியோதெரபிஸ்ட் என்ன பயிற்சி சொன்னாரோ அதை அவர் கண் முன்னால் செய்து காட்டியாக வேண்டும். காய்ச்சல், விருந்தாளி, சீரியல் எதையும் அவர் காரணமாக ஏற்றுக்கொண்டதில்லை.

ஆன்ட்டி வைத்தியம் பார்ப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். கை வைத்தியம் என்றாலே அவருக்கு முகம் சிவந்துவிடும். பூக்கடை செல்வி ஒருமுறை கணுக்கால் பிசகி, வீங்கிய இடத்தில் முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவித் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி போய்ப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"முட்டைப் பத்து ஆன்ட்டி. சுளுக்க எடுத்துடும்."

"ரெண்டு வெங்காயமும் அரிஞ்சி போட்டுக்க, டிபன் ஆயிடும். எழுந்திரு, எக்ஸ்ரே எடுக்கணும்."

"கால ஆட்ட முடியுதே ஆன்ட்டி. ஆட்ட முடிஞ்சா எலும்பு முறியலன்னு அர்த்தம்."

"எங்க பஸ்ஸுகூட ஆக்ஸில் ஒடஞ்சி டிப்போ வரைக்கும் ஆடினுதான் வந்துச்சு. ஏறு ஆட்டோல."

எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. தசைநார் லேசாகக் கிழிந்திருக்கிறது, ஐஸ் வைத்து, காலை உயரே தூக்கி வைத்து ஓய்வெடுத்தால் போதும் என்றார் டாக்டர். செல்வி ஜெயித்த பார்வை பார்த்தார். ஆன்ட்டி அசரவில்லை. "இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தோம். நான் டாக்டரில்லம்மா. வண்டி ஓட்டறது அவரு. ஏத்தி எறக்கறதுதான் நானு," என்றார்.

பேக்கரிக்காரர் குட்டனுக்குத் தோள்பட்டை இறுகிப்போய்க் கை மேலே எழவில்லை. சுவரில் விரல்களை வைத்துச் சிலந்திபோல் மேலே ஏற்றிப் பழக வேண்டும் என்று பிசியோ சொல்லியிருந்தார். ஆன்ட்டி பேக்கரிச் சுவரிலேயே, பப்ஸ் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார். தினமும் குட்டனின் விரல் எட்டும் இடத்தில் ஒரு கோடு. டீ குடிக்க வருபவர்கள் எல்லாம் முதலில் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பன் கேட்பார்கள். கோடு மளமளவென்று ஏறியது. தெருவே பெருமைப்பட்டது. ஒருநாள் ஆன்ட்டி கல்லாவுக்கு உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் குட்டன் ரஸ்க் டின்மேல் ஏறி நின்று விரலை வைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஆன்ட்டி கத்தவில்லை. ரஸ்க் டின்னை எடுத்து அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தார். பிறகு வீடு வீடாகப் போய், குட்டன் கடையில் இனிமேல் ரஸ்க் மட்டும்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கோடைக் காலம் முழுக்க நாங்கள் ரஸ்க் சாப்பிட்டோம். மேல் அண்ணம் கிழிந்ததே தவிர, குட்டனின் கை மேலே எழுந்துவிட்டது.

பி.ஜி. விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு ஃபோனைத் தேய்த்துத் தேய்த்தே பெருவிரலின் நார் வீங்கிப்போனது. டாக்டர் விரலுக்குப் பட்டை போட்டு, ஃபோனைத் தொடாதே என்றார். தொடாமல் இருப்பாளா? ஆன்ட்டி ஃபோனையே வாங்கி வைத்துக்கொண்டார். ஆபீஸிலிருந்து மேனேஜர் கூப்பிட்டபோது எடுத்ததும் அவர்தான். "அந்தப் பொண்ணு வெரலு லீவுல கீது சார். வாய் சும்மாதான் கீது, வேணும்னா பேசுங்க," என்றாராம்.

இப்படி ஊரே மாட்டிக்கொண்டு முழிப்பதைத் தூரத்திலிருந்து ரசித்துக்கொண்டிருந்த நான் மாட்டிக்கொண்டது ஒரு கிரிக்கெட் மேட்சில். அதிலும் எனக்கு ஓர் அடியும் படவில்லை என்பதுதான் கொடுமை.

எங்கள் ஏரியாவில் வருஷா வருஷம் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் டென்னிஸ் பந்தில் ஒரு மேட்ச் நடக்கும். நான் அப்போது தலை லேசாக நரைத்தும் இரண்டாவது அணியிலேயே இருந்தேன். விக்கெட் கீப்பர். முதல் அணியில் ஸ்டீபன் மாமா, என் அக்கா ரீட்டாவின் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவருடைய தாத்தாவும் அப்பாவும் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். கல் விழுந்தாலும் வலிக்கிறது என்று சொல்லாத பரம்பரை என்று அவர்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். மூன்று தலைமுறையாகச் சொல்லாமல் விட்டதையெல்லாம் மாமா ஒரே ஆளாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தார். கொசு கடித்தாலும் அக்கா கஷாயம் வைக்க வேண்டும்.

அன்றைக்கு மாமா பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன்னுக்காக இடது காலை ஊன்றி உந்தினார். டப் என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது. மாமா இரண்டடி போய்ச் சரிந்து விழுந்து, குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். பின்னால் நான் குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

"டேய், ஏன்டா உதைச்ச?"

"நானா? மாமா, நான் நின்ன எடத்துலதான நிக்கறேன்."

"பின்னாடிலேருந்து உதைச்சடா. பூட்ஸ் காலால உதைச்ச மாதிரி விழுந்துச்சுடா."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். நிரபராதி என்பதால் ஆதாரம் காட்டினேன்.

"பூட்ஸா? நான் செருப்பு போட்டினுகீறேன் மாமா. பாருங்க."

மாமா என் காலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "செருப்புக் காலாலயா உதைச்ச? அக்கா புருசனைச் செருப்புக் காலாலயா?" என்றார். அதற்குள் எங்கள் அணியில் எவனோ ஒருவன், ஆள் விழுந்துகிடப்பதைப் பார்த்தும் பந்தை எறிந்து ஸ்டம்பைச் சாய்த்து ரன் அவுட் கேட்டான். அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்தது. சாட்சி சொல்ல யாரும் இல்லை. எல்லோரும் பந்து போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அம்பயரைக் கேட்டால், "நான் நோ பால் பாத்துட்டிருந்தேன்பா," என்றார்.

ஆன்ட்டி ஆட்டோவோடு வந்து மாமாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பின்னாலேயே பைக்கில் போனேன். மாமா என்னை உள்ளே விடவில்லை. மருந்துக் கடை ஓரத்தில் நின்றேன். வெகுநேரம் கழித்து ஆன்ட்டி வெளியே வந்தார்.

"குதிகாலுக்கு மேல ஒரு பெரிய நாரு இருக்குமாமே, அது முழுசா அறுந்துபோச்சு. குப்புறப் படுக்க வெச்சி, ஆடுசதைய அமுக்கிப் பாத்தாரு டாக்டரு. பாதம் அசையவே இல்ல. ஆபரேஷன்தான்."

"ஒதைச்சா அறுந்துபோகுமா ஆன்ட்டி? டாக்டர் இன்னா சொன்னாரு?"

ஆன்ட்டி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நீ ஒதைச்சியா?"

"சத்தியமா இல்ல."

"சரி. ஆபரேஷன் ஆயி வூட்டுக்கு வந்ததும் தெனம் காலைல வந்துடு. அவன நடக்க வெக்கணும். ஒதைச்சவன்தான் வெக்கணும்."

"நான் ஒதைக்கல ஆன்ட்டி."

"இப்பதான சொன்ன. கேட்டுக்கினேன். காலைல வந்துடு."

இப்படித்தான் செய்யாத குற்றத்துக்கு எனக்குத் தண்டனை கிடைத்தது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையில் நான் போனால் காபி டம்ளர் மட்டும் ஜன்னல் விளிம்பில் வந்து உட்காரும். எனக்கு அப்பா அம்மா இல்லை. பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் போய் உட்கார இருந்தது அந்த ஒரு வீடுதான். ஆபீஸுக்குப் போகும் வழியில் அந்தக் காபியைத் தெருவில் நின்றே குடித்துவிட்டு, டம்ளரை ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போவேன்.

உள்ளே மாமா விரல்கள் கீழ்நோக்கி நீட்டியபடி மாவுக்கட்டோடு, தலையணைமேல் காலை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி படுத்திருப்பார். பார்க்க வருபவர்களுக்கெல்லாம் உதைக் கதையைச் சொல்வார். சொல்லச் சொல்ல உதை வளர்ந்தது. முதலில் நின்ற இடத்திலிருந்து உதைத்தேன். பிறகு நாலடி ஓடிவந்து உதைத்தேன். கடைசியாக நான் கேட்டபோது, எல்லைக்கோட்டிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தேன்.

மாவுக்கட்டுப் பிரித்து, குதிகாலை உயர்த்திப் பிடிக்கும் பெரிய பூட்ஸ் ஒன்றை மாட்டி, இனி மெதுவாகக் காலை ஊன்றிப் பழக வேண்டும் என்றார் டாக்டர். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. மாமா ஊன்ற மாட்டேன் என்றுவிட்டார். மறுபடியும் டப் என்று அறுந்துவிடும் என்ற பயம். "நாளைக்கு ஆன்ட்டி" என்பார். மறுநாளும் அதையே சொல்வார். ஆடுசதை பார்க்கப் பார்க்க வற்றிக்கொண்டே வந்தது. வேன் முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் ஸ்டீபன் வண்டியில் உட்காராவிட்டால் வேறு டிரைவரைப் போடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கிளட்ச் மிதிக்க வேண்டியது இடது கால். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மாமாவுக்கு வேறு வேலையும் தெரியாது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவே அக்கா அழுவது வாசலில் நிற்கும் எனக்குக் கேட்கும்.

ஆன்ட்டி கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். ஒருநாள் என் காதைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுத்துப்போய் மாமாவின் கட்டிலுக்கு எதிரில் நிறுத்தினார்.

"ஸ்டீபா, உன்ன செருப்புக் காலால ஒதைச்சவன் தோ நிக்கிறான். திருப்பி ஒதைக்க வேணாமா?"

படுத்திருந்த மாமா தலையைத் தூக்கினார். "ஒதைக்கணும் ஆன்ட்டி."

"எந்தக் கால்ல ஒதைப்ப?"

"வலது கால்லதான். எடதுதான் இப்டி ஆயிடுச்சே."

"வலது கால தூக்கினா எந்தக் கால்ல நிப்ப?"

மாமா யோசித்தார். இடது காலைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அதன் தேவை அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

"எடது கால்ல ஒத்தையா நின்னாதான் இவன ஒதைக்க முடியும். நீ ஊன்றுகோல திருப்பிக் குடுக்க நடந்து வர அன்னைக்கி, என் வூட்டு வாசல்ல, நானே இவன புடிச்சி நிறுத்தறேன். நாலு பேரு பாக்க ஒரே ஒதை. ஒத்துக்கறியா?"

"ஆன்ட்டி, என்னை ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"பாசஞ்சர்கிட்ட கேட்டுட்டா டிரைவர் வண்டி எடுக்கறாரு?" என்றார் ஆன்ட்டி.

மாமா அன்றைக்கே எழுந்து காலை ஊன்றினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பிசியோதெரபி என்று சொல்வதா, பழிவாங்கும் ஏற்பாடு என்று சொல்வதா என்று தெரியவில்லை. பாதத்தில் துண்டைப் போட்டு இழுக்க வேண்டும். "ஒதையா, இல்லையா?" என்பார் ஆன்ட்டி. மாமா இழுப்பார். பூட்ஸ் கழன்ற பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். மாமா என்னை முறைத்துக்கொண்டே தூக்குவார். தெருவில் நடைப் பயிற்சி நடக்கும்போது ஆன்ட்டி பின்னால் வருவார். "ரைட், ரைட்" என்றால் நடக்க வேண்டும். "ஹோல்டான்" என்றால் நிற்க வேண்டும். மாமாவின் கை என் தோள்மேல். முழு பாரமும் என்மேல். உதைக்கப் போகிறவனைத் தாங்கிக்கொண்டு நடப்பது சுகமான அனுபவம் இல்லை. ஆனாலும் மாமா பாதம் புரண்டு தடுமாறும்போது என் கை தானாகவே அவர் இடுப்பைப் பிடித்தது.

நடுவில் மாமாவும் ஆன்ட்டியும் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்வந்தார்கள். அதற்குப் பிறகு மாமாவின் திட்டு கொஞ்சம் சோர்ந்துபோனது. ஞாபகம் வந்தால் திட்டுவார். மற்ற நேரத்தில் தெருமுனையில் வேனைத் திருப்பும் கஷ்டத்தைப் பற்றியும், பின் சீட்டில் வாந்தி எடுக்கும் யு.கே.ஜி. பிள்ளையைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வருவார். நான் ஆபீஸ் வேலையாக ஒருநாள் வரவில்லை. மறுநாள், "நேத்து ஏன்டா வரல?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அந்தக் கோபம் ஏதோ வேறு மாதிரி இருந்தது. உதைக்கு ஆள் தப்பிவிடுவானோ என்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து தெருவே திரும்பிக்கொண்டிருந்தது. மாமா ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவற்றை ஊன்றாமல், ஆன்ட்டி வீட்டுக்கு நடந்தார். நான் பக்கத்தில். அக்கா பின்னால். குட்டன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பூக்கடை செல்வி முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். கல்யாணமாகாதவர் அணி மொத்தமும் வந்து நின்றது, என்னைக் காப்பாற்ற அல்ல.

ஆன்ட்டி ஊன்றுகோல்களை வாங்கிச் சுவரில் சாய்த்தார். என் இரண்டு தோள்களையும் பிடித்துத் திருப்பினார். "குனி," என்றார். குனிந்தேன். செய்யாத குற்றமாக இருந்தாலும், அக்கா மறுபடி பேசுவாள் என்றால் ஓர் உதைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாமா வலது காலைத் தூக்கினார்.

உதை வரவில்லை. கால்களுக்கு நடுவே தலையைத் திருப்பிப் பார்த்தேன். மாமா இடது காலில் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தார். எதையும் பிடிக்கவில்லை. முகத்தில் வேர்வை. கால் லேசாக நடுங்கியது, அப்புறம் அடங்கியது.  எல்லோரும் அந்த வற்றிய ஆடுசதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நிக்கறேன் ஆன்ட்டி," என்றார் மாமா, குரலே எழாமல்.

"நின்னுட்ட. இப்ப ஒதை."

மாமா காலை மெல்லக் கீழே வைத்தார். வாசல் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "முடியாது ஆன்ட்டி. இவன் ஒதைக்கவே இல்ல. இனிமேலும் என்னால சொல்லாம இருக்க முடியாது," என்றார்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. இந்த நார் அறும்போது யாருக்குமே பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரிதான் இருக்குமாம். கல்லால் அடித்தார்கள் என்பார்களாம், கட்டையால் அடித்தார்கள் என்பார்களாம். திரும்பிப் பார்த்தால் ஆளே இருக்காதாம். மாமாவின் கெட்ட நேரம், திரும்பிப் பார்த்தபோது நான் இருந்தேன். இதை டாக்டர் முதல் நாளே ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கிறார். நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமா தன் உதைக் கதையை டாக்டரிடமும் எடுத்துவிட, அவர் சிரித்துக்கொண்டே இவருக்கும் சொல்லிவிட்டார். மாமா அதிர்ந்துபோய் ஆன்ட்டியைப் பார்த்தாராம். "தெரியும். வாய மூடினு நட. அவன் வரணுமா, வேணாமா?" என்றாராம் ஆன்ட்டி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெருவில் தலைகாட்ட முடியாமல் அலைந்தது, ஜன்னலோரக் காபி, அக்கா திருப்பிக்கொண்ட முகம் எல்லாம் ஒன்றாக மேலே ஏறியது.

"முதல் நாளே தெரியுமா? தெரிஞ்சும் என்னை இத்தன மாசம் கெட்டவனா வெச்சிருந்தீங்களா ஆன்ட்டி?"

ஆன்ட்டி குரலை உயர்த்தவில்லை. அவர் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"எனக்குத் தொட எலும்பு போனப்போ, மொத வாரம் டிப்போவே வந்துச்சு. ஆரஞ்சுப் பழம் வாங்கினு வந்தாங்க. வூடு பூரா ஆரஞ்சு. ரெண்டாவது வாரம் ரெண்டு பேரு வந்தாங்க. அப்புறம் ஒர்த்தரும் வரல. சொவத்த புடிச்சினு, நானே எனக்கு ரைட்டு சொல்லி, நானே நடந்தேன். ஒன்ன நல்லவன்னு மொத நாளே சொல்லியிருந்தா, நீயும் ஆரஞ்சோட நிறுத்தியிருப்படா."

நான் ஏதாவது சொல்வேன் என்று தெருவே காத்திருந்தது.  அக்கா வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து, "வா, வந்து சாப்புடு," என்றாள்.

பள்ளி திறந்த அன்று மாமா வேனை எடுத்தார். அடுத்த வருஷம் மேட்சில் அவரை அம்பயராக நிறுத்தினோம். நான் எங்கே நிற்கிறேன் என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் குடியிருக்கிறேன். ஆன்ட்டி அதே வீட்டில்தான் இருக்கிறார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முன்போல ஆட்கள் வருவதில்லை என்று அக்கா சொன்னாள். வாக்கரையும் பெல்ட்டையும் இப்போது ஃபோனிலேயே வரவழைத்துக்கொள்கிறார்களாம். போன மாதம் விவேக் நகர் போயிருந்தபோது, முழங்காலில் சுருக் சுருக் என்று குத்துகிறது என்று அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஆன்ட்டி நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்தார். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், உடம்பைக் குறைக்கச் சொல்லித் திட்டினார், டாக்டரிடம் காட்டாமல் ஏன் வந்தாய் என்று அதற்கும் திட்டினார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

என் முழங்காலில் ஒரு வலியும் இல்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே கிளம்ப வேண்டும்.